மருந்து முடிந்த பின்னும் முடியாத நோவு

2018ஆம் ஆண்டு கோடையில் ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்திலுள்ள ஒரு கிராமப் பங்கில் ஆறு கிழமைகள் தங்கியிருந்தேன். விடுமுறையில் சென்ற பங்குக் குருவுக்குப் பதிலாகப் பணியாற்றுவதே என் வேலை. காடும் பழைய கல்வேலிகளும் பச்சைப் புல்வெளிகளுமாக விரிந்து கிடக்கும் அழகான இடம் அது. நான் போய்ச் சேர்ந்த அன்று மாலை, பங்குமனைத் தோட்டத்தைப் பராமரிக்கும் அம்மா ஒருவர் வரவேற்புச் சொன்ன கையோடு ஓர் எச்சரிக்கையும் சொன்னார்.

“பாதர், உயர்ந்த புல்லுக்குள் இறங்காதீர்கள். இறங்கினால் இரவு குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கம், கக்கம், இடுப்பு, தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.”

நான் சிரித்துவிட்டேன். மாட்டுப்பட்டியோடு வளர்ந்தவன் நான். உண்ணி கழற்றுவது எமக்குச் சிறுவயது விளையாட்டு. அந்த அம்மா சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு கசகசா விதையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். “இவ்வளவுதான் அதன் பருமன். என்னை ஏழு வருடமாகப் படுக்கையிலும் கதிரையிலும் வைத்திருப்பது இதுதான்” என்றார்.

அவருக்கு வந்தது லைம் நோய். பரிசோதித்து, மருந்து கொடுத்து, மருந்து முடிந்து பல ஆண்டுகள் கழிந்திருந்தன. கிருமி போய்விட்டது என்றார்கள் வைத்தியர்கள். ஆனால் நோவு போகவில்லை என்றார் அவர். இந்த இரண்டு கூற்றுகளுக்கும் இடையில் அந்த நாட்டில் பல ஆண்டுகளாக ஒரு பெரும் வழக்கே நடந்துவருகிறது. எமது நாட்டில் இல்லாத ஒரு நோயைப் பற்றி இந்தப் பக்கங்களில் ஏன் எழுதவேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். நோய் இங்கில்லை, அந்த வழக்கு இங்கும் உண்டு. ஆதலால் அதன் கதையை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தாயின் குறிப்பேடு

லைம் என்பது தேசிக்காயைக் குறிக்கவில்லை. கனெற்றிக்கட் ஆற்றின் கழிமுகத்துக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரின் பெயர் அது. அங்கு வாழ்ந்த பொலி மறி என்ற ஓவியரான தாய் நீண்டகாலமாகச் சுகவீனமாக இருந்தார். மூட்டு வீக்கம், தோலில் தடிப்பு, காய்ச்சல், தலையிடி, களைப்பு என்று ஒன்று மாறி ஒன்று வந்தது. பின்னர் அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அதே தொல்லைகள் தொடங்கின. வைத்தியர் பலரிடம் போனார். பரிசோதனைகளில் ஒன்றும் அகப்படவில்லை. ஈற்றில் அவருடைய மனத்திலேதான் கோளாறு என்ற எண்ணம் வைத்தியர்களிடையே ஏற்பட்டது.

பொலி மறி செய்த காரியம் கவனிக்கத்தக்கது. அவர் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். யாருக்கு, எப்போது, எந்த மூட்டில், எத்தனை நாள் என்று எழுதி வந்தார். அயலவர் பிள்ளைகளுக்கும் முழங்கால் வீங்குகிறது என்று அறிந்தபோது அவர்களையும் பட்டியலில் சேர்த்தார். 1975ஆம் ஆண்டு அவர் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்துக்குத் தொலைபேசியில் முறையிட்டார். அதே காலத்தில் யூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாயும் தன் மகளின் நோயைப் பற்றி முறையிட்டார். திணைக்களம் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் மூட்டுநோய் வைத்தியராக இருந்த அலன் ஸ்ரியர் விசாரணையில் இறங்கினார்.

லைம், ஓல்ட் லைம், ஈஸ்ற் ஹடம் என்ற மூன்று ஊர்களிலும் சேர்த்து ஏறத்தாழ 12,000 பேரே வாழ்ந்தனர். அவர்களுள் 39 பிள்ளைகளும் 12 பெரியவர்களும் ஒரே விதமான மூட்டுவாதத்தால் பாதிக்கப்பட்டிருப்பதை அவருடைய குழு கண்டது. சில கிராம வீதிகளில் பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. 1977இல் இந்த முடிவுகள் வெளியாகின. நோயாளரில் நான்கில் ஒரு பங்கினர், மூட்டு வீங்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன் தோலில் விரிந்துகொண்டே போன ஒரு சிவந்த வட்டத்தை நினைவுகூர்ந்தனர். அந்த வட்டம் ஐரோப்பாவுக்குப் புதிதல்ல. 1909ஆம் ஆண்டிலேயே சுவீடன் தேசத்துத் தோல் வைத்தியர் ஆர்விட் அவ்செலியஸ் அதை உண்ணிக் கடியோடு தொடர்புபடுத்தி விபரித்திருந்தார்.

கிருமியைக் கண்டவர் வில்லி பேர்க்டோர்வர் என்ற விஞ்ஞானி. நியூயோர்க் மாநிலத்தின் ஷெல்ரர் தீவில் பிடித்த உண்ணிகளின் குடலில் திருகுச் சுருள் வடிவமான பற்றீரியாவை அவர் கண்டார். 1982இல் அது அறிவிக்கப்பட்டது. அவருடைய பெயராலேயே அது பொரேலியா பேர்க்டோர்வரி எனப்படுகிறது.

இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு தாயின் குறிப்பேடுதான் என்பதை மனதில் வைத்துக்கொள்வோம்.

காடு திரும்பியது, மான் திரும்பியது

இந்த நோய் பெருகியதற்கும் நிலப் பயன்பாட்டுக்கும் தொடர்புண்டு. முற்காலத்தில் அப்பகுதிக் காடுகளை வெட்டிக் கமம் செய்தார்கள். நான் கண்ட கல்வேலிகள் அந்தக் கமங்களின் எல்லைகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் மேற்குப் பகுதிகளுக்கும் பட்டினங்களுக்கும் போகப் போகக் காணிகள் கைவிடப்பட்டன. காடு மீண்டும் வளர்ந்தது. அருகிப்போயிருந்த மான்கள் திரும்பின. பின்னர் வசதி படைத்தோர் காட்டோரங்களிலேயே வீடு கட்டினர். எலி, மான், மனிதர் ஆகிய மூவரும் ஒரே முற்றத்தில் வாழத் தொடங்கினர்.

உண்ணி முட்டையிலிருந்து வரும்போது அதனிடம் இந்தக் கிருமி இல்லை. குஞ்சுப் பருவத்தில் வெண்பாதச் சுண்டெலி போன்ற சிறு பிராணிகளின் இரத்தத்தைக் குடிக்கும்போது கிருமியைப் பெறுகிறது. அடுத்த ஆண்டு, கசகசா அளவான இரண்டாம் பருவத்தில், மனிதரைக் கடித்துக் கொடுக்கிறது. இது பெரும்பாலும் வைகாசி முதல் ஆடி வரையான மாதங்களில் நிகழ்கிறது. முதிர்ந்த உண்ணிக்கு மான் உணவளிக்கிறது. ஆனால் மானிடமிருந்து கிருமி பரவுவதில்லை. உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் தோலில் பற்றியிருந்தால்தான் கிருமி உடலுக்குள் வருகிறது. அந்த அம்மா இரவு தோறும் தடவிப் பார்க்கச் சொன்னதன் காரணம் இதுவே.

அமெரிக்காவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 476,000 பேர் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக 2010 முதல் 2018 வரையான தரவுகளைக் கொண்டு அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டது. 1998இல் ஒரு தடுப்பூசி அங்கீகாரம் பெற்றது. வாங்குவோர் குறைந்ததாலும் பக்கவிளைவுகள் பற்றிய அச்சத்தாலும் 2002இல் உற்பத்தி நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது.

பெரும்பாலானோர் சுகமடைகின்றனர்

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். லைம் நோய் குணப்படுத்தக்கூடிய நோய். சிவந்த வட்டம் தோன்றும் வேளையிலேயே கண்டுபிடித்தால், டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்கொல்லிக் குளிசையைப் பத்து முதல் பதினான்கு நாள் எடுத்தால் போதும். மூட்டுவாதம் வந்தபின் ஏறத்தாழ நான்கு கிழமைகள் தேவை. நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டால் சிலவேளை நாளம் வழியாக மருந்து ஏற்றவேண்டி வரும். பெரும்பாலானோர் இதனோடு பழைய வாழ்க்கைக்குத் திரும்புகின்றனர்.

எல்லாரும் திரும்புவதில்லை. ஒரு பகுதியினருக்குக் கடும் களைப்பு, தசை மூட்டு நோவு, நித்திரைக் குழப்பம், சொற்கள் நினைவுக்கு வராமை, சிந்தனைத் தெளிவின்மை ஆகியன மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆரம்பத்திலேயே நோய் கண்டறியப்பட்டு முறையான சிகிச்சையும் பெற்றவர்களுள் 13.7 வீதமானோர் இந்த நிலைக்கு உள்ளாகியிருந்தனர். லைம் நோய் வராதவர்களுள் அத்தகைய தொல்லைகள் கொண்டோர் 4.1 வீதம் மட்டுமே. நோய் கண்ட எல்லாருக்கும் இந்தக் கதி இல்லை என்பதையும், சொல்வோர் எல்லாரும் கற்பனை செய்யவில்லை என்பதையும் இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே காட்டுகின்றன.

வழக்கு தொடங்கிய இடம்

கிருமி இன்னும் உடலில் உயிரோடிருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையால் அறிந்துவிடலாமே என்று நாம் எண்ணலாம். அங்குதான் சிக்கல். வழமையான பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரிகளையே தேடுகிறது. நோயின் முதற் கிழமைகளில் அவை போதியளவு உண்டாகியிரா. ஆகவே நோயிருந்தும் பரிசோதனை இல்லை என்று சொல்லக்கூடும். மறுபுறம், சுகமடைந்த பின்னும் அவை ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும். ஆகவே கிருமி போனபின்னும் பரிசோதனை ஆம் என்று சொல்லக்கூடும். திருடனைப் பிடிக்கப் போய், அவனைத் துரத்திய நாய்களின் காலடியைப் பார்த்துவிட்டு வருவது போன்றது இது.

இந்த இடைவெளியில் இரண்டு அணிகள் எழுந்தன. அமெரிக்கத் தொற்றுநோய் வைத்தியர் சங்கத்தைச் சார்ந்தோர், உரிய சிகிச்சை கிருமியை ஒழித்துவிடுகிறது, எஞ்சியிருப்பது தொற்றுக்குப் பிந்திய ஒரு நிலை, அதற்கு மேலும் நுண்ணுயிர்கொல்லி கொடுப்பதால் பயனில்லை என்றனர். 1999இல் உருவான இன்னொரு சர்வதேச வைத்தியர் சங்கமும் நோயாளர் அமைப்புகள் பலவும், கிருமி ஒளிந்திருக்கிறது, இது நாட்பட்ட லைம் நோய், மாதக்கணக்கில் மருந்து கொடுக்கவேண்டும் என்றனர். சிகிச்சை பெற்ற குரங்குகளில் கிருமியின் தடயங்கள் எஞ்சியிருந்ததை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதை இந்த அணி சான்றாகக் கொண்டது. அவ்வாறு எஞ்சுபவை மனிதரில் நோவை உண்டாக்குகின்றன என்பதற்கு அது நிரூபணமாகாது என்று மற்ற அணி பதில் கூறியது.

காரியம் வைத்தியசாலைக்குள் நிற்கவில்லை. ஒரு சங்கத்தின் வழிகாட்டியைக் காட்டிக் காப்புறுதி நிறுவனங்கள் நீண்டகாலச் சிகிச்சைக்குப் பணம் தர மறுத்தன. கனெற்றிக்கட் மாநிலம் 1999இல் குறித்த காலச் சிகிச்சைக்குக் காப்புறுதி பணம் செலுத்தவேண்டும் எனச் சட்டம் இயற்றியது. 2006இல் அந்த வழிகாட்டி புதுப்பிக்கப்பட்டபோது, அம்மாநிலச் சட்டமா அதிபர் றிச்சட் புளுமென்தால் அதைத் தயாரித்தவர்களின் நலமுரண்பாடுகள் பற்றி விசாரணை தொடங்கினார். 2008இல் இணக்கம் ஏற்பட்டது. சங்கம் குற்றத்தை ஏற்கவில்லை. எனினும் புதிய குழுவொன்று வழிகாட்டியை மீளாய்வு செய்ய உடன்பட்டது. 2010இல் அந்தக் குழு பழைய பரிந்துரைகளே சரியென்றது. 2009இல் நீண்டகால மருந்து கொடுக்கும் வைத்தியர்களை ஒழுக்காற்று நடவடிக்கையிலிருந்து காக்கும் சட்டம் வந்தது. நோயைக் கண்டுபிடித்த அலன் ஸ்ரியரே நீண்டகால மருந்தை எதிர்த்தார் என்பதற்காக மிரட்டல்களுக்கு ஆளாகிப் பாதுகாப்புத் தேடவேண்டி வந்தது.

ஆய்வுகள் சொன்ன இரண்டு செய்திகள்

நீண்டகால மருந்து பயன் தருமா என்பதை ஆய்வால் சோதிக்க முடியும். நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மருந்தும் மறு கூறுக்கு மருந்து போலத் தோன்றும் வெற்றுப் பொருளும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கவனிக்கும் வைத்தியருக்கும் தெரியாது. இறுதியில் ஒப்பிடுவார்கள்.

2001இல் அமெரிக்காவில் 129 நோயாளரைக் கொண்ட ஆய்வு வெளியாயிற்று. முப்பது நாள் நாளம் வழியாகவும், பின்னர் அறுபது நாள் வாய் வழியாகவும் மருந்து கொடுக்கப்பட்டது. மருந்து பெற்றோரிலும் வெற்றுப் பொருள் பெற்றோரிலும் முன்னேறியவர்களின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2003இல் வெளியான மற்றோர் ஆய்வில் களைப்பில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. சிந்தனைத் திறனில் தெரியவில்லை. 2008இல் 37 பேரை மட்டும் கொண்ட ஆய்வொன்றில் பத்துக் கிழமை மருந்து ஏற்றியபின் ஞாபகசக்தி சற்று முன்னேறியது. மருந்தை நிறுத்தியபின் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. 2016இல் நெதர்லாந்தில் 280 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு, பன்னிரண்டு கிழமை கூடுதலான மருந்தால் நன்மை இல்லையென்றது.

தீமை இருந்தது. நாளத்தில் மாதக்கணக்கில் குழாய் வைத்திருப்பது சாதாரண விடயமல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறு மருந்து பெற்ற முப்பது வயதுப் பெண்ணொருவர், குழாயில் தோன்றிய தொற்றினால் இறந்ததை 2000ஆம் ஆண்டு வைத்தியர்கள் பதிவுசெய்தனர். 2017இல் நோய்க் கட்டுப்பாட்டு மையம், நாட்பட்ட லைம் நோய் எனக் கூறிச் சிகிச்சையளிக்கப்பட்டுக் கடுமையான தொற்றுகளுக்கு உள்ளான ஐந்து பேரின் விபரத்தை வெளியிட்டது. உயிரிழந்தோரும் அவர்களுள் இருந்தனர். மேலும், அந்தப் பெயரைத் தாங்கிச் சிகிச்சை பெறுவோர் சிலருக்கு லைம் நோய் ஒருபோதும் வந்திராது. அவர்களுடைய உண்மையான நோய் கவனிக்கப்படாமலே போகும் ஆபத்தும் உண்டு.

இது முதற் செய்தி. பலரும் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். 2001ஆம் ஆண்டின் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. அந்த 129 பேரின் உடல்நிலையை அளந்தபோது, அவர்கள் படும் துன்பம் இருதயம் செயலிழந்து வருகின்ற நோயாளரின் துன்பத்துக்குச் சமமாக இருந்தது. மருந்து பயனற்றது என்று சொன்ன தாளே, நோவு உண்மை என்றும் சொன்னது.

முதற் செய்தி ஊரெல்லாம் பரவிற்று. இரண்டாவது செய்தி அவ்வளவாகப் பரவவில்லை.

நோவுக்குக் காரணம் என்ன? கிருமி இறந்தபின்னும் அதன் சுவரின் துகள்கள் நோயாளரின் முழங்கால் நீரில் தங்கியிருந்து அழற்சியைத் தூண்டுவதாக 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. நெருப்பு அணைந்தபின்னும் சாம்பல் சுடுவது போல. உடலின் எதிர்ப்புச் சக்தி நிலைதடுமாறுவது, நரம்புகள் நோவை மிகைப்படுத்தி உணர்வது என்ற விளக்கங்களும் ஆராயப்படுகின்றன. கொவிட் தொற்றுக்குப் பின் நீடிக்கும் களைப்பை 2020இலிருந்து உலகமே கண்டபின், இத்தகைய நிலைகளை மனக்கற்பனை என்று ஒதுக்குவது கடினமாகிவிட்டது. 2025இல் அமெரிக்க தேசிய கல்விக்கழகங்களின் நிபுணர் குழு, காரணம் முற்றாகத் தெளியும்வரை காத்திராமல், நோயாளரின் வேதனையைக் குறைக்கும் புதிய வழிகளைச் சோதிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

மூன்று வைத்தியர்கள்

இனி அந்த அம்மாவிடம் திரும்புவோம். மாலை வேளைகளில் பங்குமனை விறாந்தையில் இருந்து அவர் தம் கதையைச் சொன்னார். ஒரே தடவையில் சொல்ல அவரால் முடியவில்லை. அரை மணித்தியாலத்தில் களைத்துவிடுவார். நடுவிலே ஒரு சாதாரண சொல் வராமல் நின்றுவிடும். அப்போது கண்ணை மூடிக் காத்திருப்பார்.

2011இல் அவருக்குக் காய்ச்சல் வந்தது. தடிப்பு முழங்காலின் பின்னால் இருந்ததால் அவர் காணவில்லை. மூன்று மாதம் கழித்து முழங்கால் வீங்கியபின்தான் நோய் தெரிந்தது. நான்கு கிழமை மருந்து எடுத்தார். வீக்கம் வற்றியது. களைப்பும் நோவும் வற்றவில்லை.

முதல் வைத்தியர் பரிசோதனைத் தாள்களைப் பார்த்தார். “எல்லாம் நல்லாயிருக்கிறது. மனஆலோசகர் ஒருவரைச் சந்தியுங்கள்” என்று அனுப்பிவிட்டார். “அன்றைக்கு நான் காரில் இருந்து அழுதேன், பாதர். நோவுக்காக அழவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்ததற்காக அழுதேன்” என்றார்.

இரண்டாவது வைத்தியர் அவரை நம்பினார். இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து கேட்டார். பின்னர் நெஞ்சில் குழாய் வைத்து ஐந்து மாதம் மருந்து ஏற்றினார். காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுத்தது. கணவர் வீட்டை ஈடுவைத்தார். ஐந்தாம் மாதம் குழாயில் கிருமி தொற்றி, குளிரும் நடுக்கமுமாகப் பத்து நாள் வைத்தியசாலையில் கிடந்தார். “அவரில் எனக்குக் கோபமில்லை. என்னை முதன்முதலாக நம்பியவர் அவர். நம்பியவர் என்ன தந்தாலும் நான் குடித்திருப்பேன்” என்றார்.

இந்த வாக்கியத்தை நான் பலநாள் சிந்தித்தேன். அந்தப் பெரும் வழக்கின் உள்முடிச்சு இதிலேயே இருக்கிறது. நோவு உண்மையா என்பது ஒரு கேள்வி. இந்த மருந்து அந்த நோவைத் தீர்க்குமா என்பது வேறொரு கேள்வி. இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டன. மருந்து வேண்டாம் என்ற வைத்தியரின் சொல், உனக்கு நோயில்லை என்று நோயாளியின் காதில் விழுந்தது. பல தடவை அவர்கள் அப்படித்தான் சொல்லியும் இருந்தார்கள். நோயை நம்பிய வைத்தியரோ, நம்பிக்கைக்கு அடையாளமாக மருந்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற நிலைக்கு வந்தார்.

மூன்றாவது வைத்தியர் ஒரு சிறு பட்டினத்துப் பெண் வைத்தியர். அவர் சொன்னதை அந்த அம்மா மனப்பாடமாக வைத்திருந்தார். “உங்கள் நோவை நான் நம்புகிறேன். இன்னும் நுண்ணுயிர்கொல்லி கொடுப்பது உதவும் என்று நான் நம்பவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை வாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.”

அதன்பின் நித்திரையைச் சீர்செய்ய முயன்றார்கள். நோவுக்கும் மனச்சோர்வுக்கும் தனித்தனியாக மருந்து கொடுத்தார்கள். வேறு நோய் ஏதும் மறைந்திருக்கிறதா என்று பார்த்ததில் தைரொயிட் சுரப்புக் குறைவு தெரியவந்தது. ஒரு நாளில் செய்யக்கூடிய வேலையை அளந்து, நல்ல நாளிலும் அந்த அளவைத் தாண்டாமல் இருக்கப் பழகினார். தினமும் குறிப்பேட்டில் எழுதினார். நான் போன ஆண்டில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் தோட்டத்தில் வேலை செய்யக்கூடியவராக இருந்தார். பூரண சுகம் என்று அவர் சொல்லவில்லை. “இந்த உடம்போடு வாழப் பழகிவிட்டேன். ஆனால் தனியாக இல்லை” என்றார்.

எமக்கு என்ன?

லைம் நோயைப் பரப்பும் அந்த உண்ணி இனம் எமது நாட்டில் இல்லை. ஆயினும் உண்ணிகளாலும் புதர்களில் வாழும் சிற்றுண்ணிகளாலும் பரவும் காய்ச்சல்கள் இங்கும் உண்டு. காடு, புதர், வயலோரம் என்று திரிந்தவருக்குக் கடுங் காய்ச்சலும், தோலில் நெருப்புச் சுட்டது போன்ற கறுத்த பொருக்கும் கண்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்; அங்கு போனதை வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் கொடுக்கும் மருந்து நன்கு வேலை செய்யும். உண்ணி பற்றியிருந்தால் மண்ணெண்ணெய் பூசுவதும் நெருப்பு வைப்பதும் வேண்டாம். கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள்.

ஆனால் நான் சொல்லவந்த பாடம் அதைவிடப் பெரியது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் எமது கரையோர மாவட்டங்களில் சிக்குன்குனியா பரவியதைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். காய்ச்சல் ஒரு கிழமையில் போனது. மூட்டு நோவு சிலருக்கு மாதங்கள் தாண்டியும் போகவில்லை. கரைவலை இழுக்கும் ஒருவர் கயிற்றைப் பிடிக்கமுடியாமல் வீட்டிலிருந்தார். “காய்ச்சல் மாறிவிட்டதுதானே, சோம்பல்” என்று சங்கக் கூட்டத்தில் பேசினார்கள். அவருடைய கடன் தவணை பிந்தியபோது அதை ஒழுங்கீனம் என்றே பதிந்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கனெற்றிக்கட்டில் அந்த அம்மா முதல் வைத்தியரைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அந்த மனிதரின் முகமே ஞாபகம் வந்தது.

கிராமத்தில் பணியாற்றும் எமக்கு மருந்து எழுதும் உரிமை இல்லை. கேட்பதற்கும் எழுதி வைப்பதற்கும் உரிமை உண்டு. ஒருவர் சொல்வதைக் கேட்டால் அது முறைப்பாடு. நாற்பது வீடுகளில் கேட்டு, நாளும் இடமும் குறித்து எழுதினால் அது சான்று. பொலி மறி தொடங்கியது அப்படித்தான். அதேவேளை, நம்பிக்கை இழந்தவர்களின் வீட்டு வாசலுக்கு விலை கூடிய மருந்தோடும் எண்ணெயோடும் வருவோர் எங்கும் உண்டு. அவர்களிடமிருந்து எமது மக்களைக் காப்பதற்குத் திட்டுவது உதவாது. அவர்களுக்கு முன் நாம் அந்த வாசலில் இருந்தாக வேண்டும்.

சுகப்படுத்த முடியாத இடத்திலும் செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு. தவணையைத் தள்ளிப்போடலாம். பாரமில்லாத வேலையொன்றை ஒழுங்கு செய்யலாம். மாதம் ஒருமுறை போய் விசாரிக்கலாம். அந்த மூன்றாவது வைத்தியரும் பெரும்பாலும் இதைத்தான் செய்தார்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் நீண்டநாள் நோவோடு வாழ்பவர்கள் எத்தனை பேர்? அவர்களின் பெயர்ப் பட்டியல் எம்மிடம் உண்டா?

2. பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்?

3. எமது சங்கத்தின் கடன் விதிகளில் நோயாளிக்கு இடமுண்டா? இல்லையெனில், அடுத்த பொதுக்கூட்டத்தில் அதை யார் பிரேரிப்பார்?